கணக்கை எழுதி, பிறகு விட்டுவிடுதல்: விசுவாசத்துக்குப் புதியவர்களுக்கு மன்னிப்பின் வழிமுறை

பெரம்பூரை ஒட்டிய ஒரு சபையில், ஞானஸ்நானத்துக்கும் திடப்படுத்தலுக்கும் ஆயத்தமாகிறவர்களோடு ஞாயிறு மாலைகளில் உட்கார்ந்து பேசும் பொறுப்பு பல ஆண்டுகளாக எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தொழிற்சாலை ஊழியர்கள், செவிலியர்கள், வீட்டு வேலை செய்யும் அம்மாக்கள், வெளியூரிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளைஞர்கள் என்று பலரும் வருகிறார்கள். திரித்துவத்தைப் பற்றியும் உயிர்த்தெழுதலைப் பற்றியும் வகுப்பிலேயே, எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறார்கள். ஆனால் மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில், மற்றவர்கள் எழுந்து போன பிறகு ஒருவர் மட்டும் பின்தங்கி நின்று, தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி ஏறக்குறைய எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது: "அவரை நான் மன்னிக்கத்தான் வேண்டுமா? எப்படி மன்னிப்பது?" மன்னிக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் பலமுறை கேட்டிருப்பார்கள், எங்கே தொடங்குவது, அடுத்து என்ன செய்வது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அப்படிப் பின்தங்கி நின்றவர்களோடு பேசிப் பேசி நான் கற்றுக்கொண்ட வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கை எழுதுங்கள்

நீங்கள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் கர்த்தருடைய ஜெபத்தில், "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று வருகிறது (மத்தேயு 6:12). கத்தோலிக்க ஆலயத்துக்குச் செல்கிறவர்கள் அதே இடத்தில் 'பொறுத்தருளும்' என்ற சொல்லோடு ஜெபிப்பார்கள். பொறுத்தல் என்பது அழகான சொல். ஆயினும் புதியவர்கள் 'கடன்' என்ற சொல்லிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் அனுபவம். வட்டியும் தவணையும் அடகுச் சீட்டும் புரோநோட்டும் தெரியாத குடும்பம் இந்த நகரத்தில் அரிது; எனவே கடனைத் தள்ளுபடி செய்வதென்றால் என்ன என்பதை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தள்ளுபடி செய்கிறவர், முதலில் பேரேட்டைத் திறந்து தொகை எவ்வளவு என்று பார்க்கிறார். பார்த்த பிறகே கோடு போடுகிறார். புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் மன்னிப்பதற்கு வழங்கும் 'அஃபியேமி' என்ற சொல்லுக்கு 'விட்டுவிடுதல், போகவிடுதல்' என்பது பொருள். கையில் எதைப் பிடித்திருக்கிறோம் என்று தெரியாதவரால் அதை விடவும் இயலாது.

நம்முடைய பழக்கம் இதற்கு நேர்மாறானது. யாராவது நம்மைக் காயப்படுத்திவிட்டு ஒரு வார்த்தை வருத்தம் சொன்னால், "பரவாயில்லை, விடுங்க" என்று உடனே சொல்லிவிடுகிறோம். உண்மையில் பரவாயில்லை என்றால் அங்கே மன்னிக்க ஒன்றும் இல்லை. பரவாயில்லை என்று சொல்ல முடியாத இடத்தில்தான் மன்னிப்பு என்ற ஒன்று தேவைப்படுகிறது. ஆகவே நான் வகுப்பில் முதலில் செய்யச் சொல்வது, ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வாங்கி, யார், எப்போது, என்ன செய்தார், அதனால் நான் எதை இழந்தேன் என்பவற்றை எழுதுவதுதான். "என் அண்ணன் மோசமானவர்" என்று எழுதினால் அது தீர்ப்பு. "அம்மாவின் சிகிச்சைக்காக நான் அனுப்பிய பணத்தை அண்ணன் வேறு செலவுக்கு எடுத்துக்கொண்டு, கேட்டபோது என் மனைவியை அவமதித்துப் பேசினார்" என்று எழுதினால் அது கணக்கு. பணத்தால் அளக்க முடியாதவற்றையும் எழுதுங்கள்: தூக்கம் போனது, திருவிழாக்களுக்கு ஊருக்குப் போவது நின்றது, பிள்ளைகள் பெரியப்பாவின் முகம் தெரியாமல் வளர்ந்தது. இந்த நோட்டை யாரிடமும் காட்ட வேண்டாம். பிறர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

என்னுடைய நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது என் தகப்பனாரின் பெயர். என் தாயாரின் ஏழு சவரன் சங்கிலியை அவர் அடகு வைத்தார், வட்டி கட்டவில்லை, நகை மூழ்கிப்போனது. என் சகோதரியின் திருமணத்துக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். அவர் அதைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இப்போது மத்தேயு 18-ஆம் அதிகாரத்தைத் திறந்து, 21 முதல் 35 வரையுள்ள வசனங்களை நிதானமாக வாசியுங்கள். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் ஒருவன், அது முழுவதும் தள்ளுபடியான பிறகு, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். நூறு வெள்ளிப்பணத்தைச் சில்லறைக் காசு என்று சொல்லிவிட்டுப் பல பிரசங்கிகள் கடந்துவிடுகிறார்கள், அது சரியன்று. வெள்ளிப்பணம் ஒன்று ஒரு நாள் கூலி என்பது இதே சுவிசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்தில் தெரிகிறது. இன்று ஒரு கொத்தனாரின் நாள் கூலியை ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நூறு வெள்ளிப்பணம் ஒரு லட்சம் ரூபாய். கூலி வேலை செய்கிறவருக்கு அது நான்கு மாத வாழ்க்கை. இயேசு உங்கள் காயத்தை அற்பம் என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு லட்சம் ரூபாய் மதிப்புப் போட்டுக் கணக்கில் வைத்திருக்கிறார். பின்பு மற்றக் கடனைப் பாருங்கள்: ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 நாள் கூலி, பதினாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலி, அதே கொத்தனார் கணக்கில் 6,000 கோடி ரூபாய். ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் இரண்டு லட்சம் ஆண்டுகள் ஆகும். "எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று அந்த ஊழியக்காரன் மன்றாடுவது எவ்வளவு நடக்க முடியாத வாக்கு என்பது அப்போது விளங்கும். ராஜா அவனுக்குத் தவணை கொடுக்கவில்லை, வட்டியைக் குறைக்கவில்லை. மனமிரங்கி முழுவதையும் விட்டுவிட்டார்.

உங்கள் பக்கத்துக் கடன்

நோட்டில் பிறருடைய கடன்களை எழுதி முடித்ததும், பின்பக்கத்திலிருந்து திருப்பி, நீங்கள் பட்டிருக்கும் கடன்களை எழுதுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்; மன்னிப்பதற்கான பலம் இங்கிருந்துதான் வருகிறது. தன் 6,000 கோடி தள்ளுபடியானதை உணராதவருக்கு ஒரு லட்சத்தை விடுவது ஒருநாளும் இயலாது.

கொலோசெயர் 2:14-இல் பவுல், நமக்கு விரோதமாக இருந்த 'கையெழுத்தை' தேவன் குலைத்து, அதைச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று எழுதுகிறார். அந்தக் கையெழுத்து, கடன்வாங்கியவர் தம் கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டு. நம் வழக்கில் புரோநோட்டு. 'மீட்பு' என்ற சொல்லையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். அடகு வைத்த நகையை மீட்பது என்று நாம் தினந்தோறும் சொல்கிறோம். மூழ்கிப்போகும் நிலையில் இருந்ததை ஒருவர் விலை கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். நகை தன்னைத்தானே மீட்டுக்கொள்வதில்லை. வேதம் கிறிஸ்துவை மீட்பர் என்று அழைக்கும்போது நான் என் தாயாரின் சங்கிலியை நினைத்துக்கொள்வேன். அதற்கு வராத மீட்பர் எனக்கு வந்தார் என்பதே என் விசுவாசம்.

இந்த அறிக்கையைச் செய்யும் முறை சபைக்குச் சபை மாறும். கத்தோலிக்கர்கள் இன்று ஒப்புரவு அருட்சாதனம் என்றும், அவர்களில் பெரியவர்கள் பாவசங்கீர்த்தனம் என்றும் சொல்லும் முறையில், ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினை, குருவிடம் அறிக்கை, அவர் விதிக்கும் பரிகாரம் என்று ஐந்து படிகளைக் கற்பிக்கிறார்கள். அங்கே கேட்டதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது என்பது திருச்சபையின் கண்டிப்பான சட்டம். எனவே பயப்படாமல் போகலாம். முதல்முறை என்றால், "ஃபாதர், எனக்கு இது புதிது, நீங்கள் வழிநடத்துங்கள்" என்று சொன்னாலே போதும். தென்னிந்தியத் திருச்சபை, லூத்தரன் ஆலயங்களில் ஆராதனையின் தொடக்கப் பகுதியில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை செய்வார்கள். அதை வேகமாக வாசித்துக் கடந்துவிடாமல், உங்கள் நோட்டின் பின்பக்கத்தை மனதில் கொண்டு சொல்லுங்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் தனி ஜெபத்திலோ பாஸ்டரோடு சேர்ந்தோ அறிக்கை செய்வார்கள். எந்த முறையானாலும் 1 யோவான் 1:9-இன் வாக்கு எல்லோருக்கும் ஒன்றே: அறிக்கையிட்டால் அவர் மன்னித்துச் சுத்திகரிப்பார். குற்ற உணர்வு அதன் பிறகும் திரும்பி வந்தால் அந்த வசனத்தை வாய்விட்டு வாசியுங்கள்.

ஜெபத்தில் விட்டுவிடும் முறை

இப்போது நோட்டின் முன்பக்கத்துக்குத் திரும்புங்கள். ஒரு கடனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தீர்க்க முயல வேண்டாம். அதிகாலையில் வீட்டார் எழுவதற்கு முன்போ, மொட்டை மாடியில் தனியாகவோ, ஆலயம் திறந்திருக்கும் வேலை நாளின் மதிய நேரத்திலோ இடம் தேடிக்கொள்ளுங்கள். முதலில் முறையிடுங்கள். மன்னிக்கப் போகிறவர் கோபப்படக் கூடாது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். சங்கீதப் புத்தகத்தில் முறையீடுகள் நிறைந்திருக்கின்றன. கூடவே ஆலயத்துக்கு நடந்து வந்த நண்பன் துரோகம் செய்ததைப் பற்றி 55-ஆம் சங்கீதக்காரர் அழுகிறார். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று 13-ஆம் சங்கீதக்காரர் தேவனையே கேட்கிறார். நீங்களும் அப்படிக் கேட்கலாம்.

பிறகு எளிய சொற்களில் விடுங்கள். நான் கற்றுக்கொடுக்கும் வாக்கியம் இது: "ஆண்டவரே, இன்னார் இன்னது செய்தார். அதனால் நான் இன்னதை இழந்தேன். இந்தக் கடனை அவரிடமிருந்து வசூலிக்கும் உரிமையை உம்முடைய கையில் விடுகிறேன். பழிவாங்க மாட்டேன், அவருக்குத் தீங்கு வரும்போது மகிழ மாட்டேன். நீர் என்னை மன்னித்ததால் இதைச் செய்கிறேன்." இதைச் சொல்லும்போது மனம் இளகவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். கடனை விடுவது ஒரு தீர்மானம். உணர்ச்சி அதன் பின்னால் மெதுவாக, சில வேளைகளில் ஆண்டுகள் கழித்து வரும். எத்தனை தரம் என்று பேதுரு கேட்டதற்கு, "ஏழெழுபதுதரமட்டும்" என்று இயேசு சொன்னதை, ஒரே குற்றத்தை நினைவு கிளப்பும் ஒவ்வொரு முறையும் மறுபடி விட வேண்டும் என்ற பொருளிலும் நான் வாசிக்கிறேன். காலையில் விட்டது மாலையில் திரும்பக் கையில் இருக்கும். திரும்பவும் விடுங்கள்.

நோட்டுத் தாளை உடனே கிழிக்க வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலமாகிய லெந்து காலம் முழுவதும், அந்த 40 நாட்களும், ஒரே கடனை வைத்து ஜெபித்து, "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று இயேசு சிலுவையில் சொன்ன முதலாம் வார்த்தை வாசிக்கப்படும் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் பிறகு வீட்டுக்கு வந்து தாளைக் கிழித்தவர்களை எனக்குத் தெரியும். காலம் முக்கியமன்று, கிழிக்கும்போது கையில் பதைப்பு இல்லாதிருப்பதே முக்கியம்.

மன்னித்தால் எதையெல்லாம் செய்ய வேண்டியதில்லை

இந்தப் பகுதியை மட்டும் நான் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு வாரங்கள் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். ஏனென்றால் மன்னிப்பு என்ற பெயரால் எளியவர்கள்மேல், முக்கியமாகப் பெண்கள்மேலும் பிள்ளைகள்மேலும், மிகுந்த பாரம் சுமத்தப்படுகிறது. அது சபைக்குள்ளேயே நடக்கிறது என்பது எனக்குத் தீராத துக்கம்.

மன்னிப்பது வேறு, மறுபடி நம்புவது வேறு. மன்னிப்பை நீங்கள் தனியாகவே செய்யலாம். நம்பிக்கையை எதிராளி காலப்போக்கில் சம்பாதிக்க வேண்டும். யோசேப்பின் வரலாற்றை ஆதியாகமம் 42 முதல் 45 வரை வாசியுங்கள். தன்னை விற்ற சகோதரர்கள் தானியம் வாங்க எகிப்துக்கு வந்தபோது, அவர் அழுவதற்குத் தனியறைக்குப் போனாரேயன்றி, உடனே தன்னை வெளிப்படுத்திக்கொள்ளவில்லை. தன்னைக் கைவிட்டதுபோல் இளையவனாகிய பென்யமீனையும் கைவிடுவார்களா என்று பார்த்தார். பென்யமீனுக்குப் பதிலாகத் தானே அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்த பிறகே, "நான் யோசேப்பு" என்றார். உங்கள் பணத்தைத் திருப்பித் தராதவரை மன்னித்த பிறகு, அவருக்கு மறுபடி ஜாமீன் கையெழுத்துப் போட மறுப்பது பாவமன்று.

மன்னிப்பது வேறு, சட்டத்தின் நீதி வேறு. ஒடிசாவில் தொழுநோயாளிகளிடையே பணிசெய்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும், அவருடைய மகன்கள் பிலிப், திமொத்தி என்ற இரு சிறுவர்களும் 1999 ஜனவரியில் மனோகர்பூரில் வாகனத்துக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொலை செய்தவர்களை மன்னித்ததாக வெளிப்படையாகச் சொல்லி, பாரிபதாவில் தங்கி அந்தப் பணியைத் தொடர்ந்தார். 2005-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுவிடவில்லை. 2003-இல் விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. ரோமர் 12-ஆம் அதிகாரம் பழிவாங்குதலைத் தனிமனிதர் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. அடுத்த அதிகாரம் நீதி வழங்கும் பொறுப்பை அதிகாரத்தின் கையில் வைக்கிறது.

ஆகையால், கணவர் அடிக்கிறார் என்று சொல்லும் சகோதரியிடம், "மன்னித்து வீட்டுக்குப் போம்மா" என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் அந்த ஆலோசனையை ஏற்க வேண்டாம். முதலில் பாதுகாப்பான இடம். 181 என்ற மகளிர் உதவி எண். தேவையானால் காவல் நிலையம். மன்னிப்பைப் பற்றி அதன் பிறகு, அவர் விரும்பும் நேரத்தில் பேசலாம். குழந்தை ஒருவர் பாலியல் தீங்குக்கு உள்ளானதாகத் தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். 1098 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும். சபைக் கமிட்டி கூடிச் சமரசம் பேசித் தீர்த்துவைக்கும் காரியம் அன்று அது. தீங்கு செய்தவர் ஆயராகவோ மூப்பராகவோ இருந்தாலும் இதுவே முறை.

இன்னொன்று: பிறருக்கு வரவேண்டிய கடனை நீங்கள் தள்ளுபடி செய்ய முடியாது. சாதியின் பெயரால் ஒரு குடும்பம் சபையில் அவமதிக்கப்பட்டிருக்கும்போது, அவமதிக்கப்படாத நாம் எழுந்து, "போனது போகட்டும், நாம் எல்லோரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று" என்று சொல்வது, அடுத்தவர் பேரேட்டில் நாம் கோடு போடுவது.

நேரில் போவது

கடனாளியைச் சந்திக்கும் வாய்ப்பும், சந்திப்பதால் ஆபத்தில்லை என்ற நிலையும் இருந்தால், மத்தேயு 18:15 தெளிவான வழி சொல்கிறது: நீயும் அவனும் தனித்திருக்கையில் போய் உணர்த்து. தனித்திருக்கையில் என்பதை எழுத்துப்படி எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதக் கூடாது. கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் பேச்சை எடுக்கக் கூடாது. "உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறேன்" என்று தொடங்கக் கூடாது. தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டு, அவருக்கு வசதியான இடத்துக்கு நீங்கள் போங்கள். நடந்ததை இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லி, நிறுத்தி, அவர் பேசுவதைக் கேளுங்கள். உங்கள் கணக்கிலேயே பிழை இருந்தது என்று அப்போது தெரியவரலாம். எனக்கு ஒருமுறை அப்படி நேர்ந்தது, நானே மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

தான் குற்றம் செய்ததாகவே அறியாத ஒருவரிடம் போய், "நான் உங்களை மன்னித்துவிட்டேன்" என்று அறிவிக்காதீர்கள். அது அவர் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். அவர் பேச மறுத்தாலும், கதவைத் திறக்காவிட்டாலும், உங்கள் பங்கு முடிந்தது. எல்லாரோடும் சமாதானமாயிருக்கச் சொல்லும் ரோமர் 12:18, "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று இரண்டு வரம்புகளை வைத்திருக்கிறது.

நீங்கள் தர வேண்டியதைத் தருவது

பின்பக்கத்துக் கடன்களை தேவன் மன்னித்துவிட்டார். ஆனால் மனிதருக்குத் தர வேண்டியது அப்படியே நிற்கிறது. வரி வசூலிப்பவராகிய சகேயு, இயேசுவைச் சந்தித்த அன்றே, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றார் (லூக்கா 19:8). லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தரச் சொல்லியிருந்தது. சகேயு அதற்கும் மேலே போனார். பணமாகப் பட்டிருந்தால் பணமாகத் திருப்புங்கள். மொத்தமாக இல்லையென்றால் மாதத் தவணையைச் சொல்லி, அந்தத் தேதியில் தவறாமல் கொடுங்கள். பெயரைக் கெடுத்திருந்தால், யாரிடம் கெடுத்தீர்களோ அவர்களிடமே போய் அது பொய் என்று சொல்லுங்கள். இது பணத்தைத் திருப்புவதைவிடக் கடினம், ஆனால் இதைவிட்டால் வேறு வழி இல்லை.

மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தில் 'ஆனால்' வரக் கூடாது, 'உங்கள் மனம் புண்பட்டிருந்தால்' என்ற நிபந்தனையும் வரக் கூடாது. "நான் இன்னது செய்தேன். அது தவறு. உங்களுக்கு இன்ன இழப்பு வந்தது. இதைச் சரிசெய்ய இன்னது செய்கிறேன். என்னை மன்னியுங்கள்" என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும். அவர் உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு வசூல்தான். அவருக்கும் அவருடைய நோட்டும் அவருடைய காலமும் உண்டு.

நம் குடும்பங்களில் மூத்தவர் இளையவரிடமும், மாமியார் மருமகளிடமும், முதலாளியம்மா வீட்டு வேலைக்கு வருகிறவரிடமும் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் மிகக் குறைவு. வேண்டுமானால் அடுத்த நாள் பிடித்த குழம்பு வைப்பார்கள், புடவை வாங்கித் தருவார்கள். அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் வாயால் கேட்பதற்கு அது ஈடாகாது. தகப்பன் தன் பத்து வயது மகனிடம், "நேற்று உன்னை அடித்தது என் தப்பு, மன்னித்துக்கொள் கண்ணா" என்று சொன்ன வீட்டில், அந்தப் பிள்ளைக்குச் சுவிசேஷத்தைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

பெரிய குற்றம் செய்து, சிறை சென்று திரும்பியவர்களும் எங்கள் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு யோவான் 21-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டுவேன். கரிநெருப்பின் அருகில் தம்மை அறியேன் என்று மூன்று தரம் மறுதலித்த பேதுருவை, இயேசு இன்னொரு கரிநெருப்பின் அருகில், என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டு, ஒவ்வொரு தரமும் ஒரு வேலையைக் கையில் கொடுக்கிறார். மன்னிக்கப்பட்டவருக்கு வேலை வேண்டும். சபையில் நாற்காலி அடுக்குவது, முதியோருக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது என்று ஏதாவது ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணப்பொறுப்பில் தவறியவருக்கு மீண்டும் காணிக்கைப் பையைக் கொடுக்காதிருப்பது மட்டும் சபையின் விவேகம்.

ஞாயிற்றுக்கிழமை

1947-இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டது. அது 1950-இல் வகுத்த திருவிருந்து ஆராதனை முறையில், காணிக்கைக்கு முன் சமாதானம் பகிர்தல் இடம்பெற்றது. பீடத்திலிருந்து ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு அந்த வாழ்த்துக் கடந்து வரும். கத்தோலிக்கத் திருப்பலியிலும் நற்கருணைக்கு முன் சமாதானம் பகிர்கிறார்கள். உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்ற மத்தேயு 5:23, 24-இன் கட்டளையை வாரந்தோறும் உடலால் செய்துபார்க்கும் இடம் அதுதான். புதியவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி எளிது: எந்தப் பெஞ்சுக்கு அருகில் உட்காராமல் தவிர்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். யாரைக் கண்டு வேறு வாசல் வழியாக வெளியே போகிறீர்களோ, உங்கள் நோட்டில் அடுத்து எழுத வேண்டிய பெயர் அவருடையது.

கடனாளி இறந்துவிட்டால்

கடைசியாகக் கேட்கப்படும் கேள்வி இது. சிலருக்கு இதுவே முதற்கேள்வி. மன்னிப்புக் கேட்காமலே போய்விட்டவரை என்ன செய்வது? நேரில் போகும் படியைத் தவிர மேலே சொன்ன எல்லாப் படிகளும் அப்படியே பொருந்தும். கணக்கை எழுதுங்கள், முறையிடுங்கள், விடுங்கள். கேட்பதற்கு ஓர் இடம் வேண்டுமென்று மனம் தேடினால், கல்லறைக்குப் போகலாம்.

நவம்பர் 2-ஆம் தேதி, கல்லறைத் திருநாளில், கீழ்ப்பாக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் குடும்பங்கள் வந்து கல்லைக் கழுவி, சாமந்தியும் ரோஜாவும் பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நானும் என் சகோதரியும் பல ஆண்டுகள் அங்கே போய், தாயாருக்கென்று மட்டும் மலர் வாங்கி, ஒரே கல்லில் பெயர் எழுதப்பட்டிருக்கும் தகப்பனாரின் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்திருக்கிறோம். நோட்டின் முதல் தாளைக் கிழித்த ஆண்டில் நான் தனியாகப் போனேன். பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தில், அவரை விட்டு ஓடிப்போன அடிமையாகிய ஒநேசிமு பட்ட கடனைக் குறித்து, "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று பவுல் எழுதிய வரியை அங்கே நின்று வாசித்தேன். "அப்பா, அம்மாவின் ஏழு சவரனை நீங்கள் தர வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்துக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, தம் கையிலிருந்த தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார்கள்.